பன்னிரண்டு முட்டையும் ஒரு பைப் ரெஞ்சும்

கரியாலூர்,
18.7.2024

மூங்கில்துறைப்பட்டு சின்னப்பன் அவர்களுக்கு,

மார்கரெட் எழுதுவது. ஈஸ்டர் அன்று என் வீட்டுப் பந்தியில் எல்லார் முன்னாலும், "இனிமே உன்னாண்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சொன்னேன். அது அப்படியேதான் இருக்கிறது. எழுதுவது பேச்சில் சேராது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். ஆகவே ஃபோன் செய்யாதே, எடுக்கமாட்டேன். பதில் எழுதி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ் கண்டக்டர் சுபாஷிடம் கொடுத்தால் வந்து சேரும்.

விஷயத்துக்கு வருகிறேன். குருத்தோலை ஞாயிறன்று நீ சந்தையில் வாங்கி வந்து என் கோழிகளோடு கட்டிப்போட்டாயே, அந்த வெள்ளைக் கோழி. அது வந்து ஒரு வாரத்துக்குள், ஈஸ்டருக்கு முன்னாலேயே, என்னுடைய முப்பத்தொரு கோழியும் கழிச்சலில் போனது. அண்ணன் ஆசையாக வாங்கி வந்ததாயிற்றே என்று நானும் வாங்கிக்கொண்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். மிஞ்சியது சிஸ்டர் ஒருத்திதான். அப்போது அவள் நான் சமைக்கிற விடுதியின் விறகுக் கொட்டகையில் தனியாக அடை உட்கார்ந்திருந்தாள், அதனால் பிழைத்தாள். உடம்பெல்லாம் கறுப்பு, தொண்டையில் மட்டும் வெள்ளைப் பட்டி. கன்னியாஸ்திரி மாதிரி இருக்கிறாள் என்று விடுதிப் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

இப்போது அவள், ஊரில் மிஞ்சிய ஒரே சேவலோடு சேர்ந்து, பன்னிரண்டு முட்டை இட்டிருக்கிறாள். காட்டுப்பூனை ஒன்று கொட்டகையைச் சுற்றி வருவதால் மிரண்டுபோய், அடைக்கு உட்காரமாட்டேன் என்கிறாள். இரவல் அடைக்கோழிக்கு எங்கே போவேன், அந்தச் சேவலை விட்டால் ஊரில் வேறு கோழியே இல்லை. நீ ரிட்டையர் ஆன பிறகு தெர்மோகோல் பெட்டியில் குஞ்சு பொரிப்பதாக அண்ணி சொல்லியிருந்தாள். சாமை உமியில் புதைத்து அனுப்புகிறேன். வழக்கமான வாரம்தான், பொரிப்பதில் பாதி உனக்கு, பாதி எனக்கு.

பெட்டிக்குள் ஓர் இரும்புத் துண்டும் இரண்டு அடுப்புக்கரியும் வை. ஆடி மாதம், இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும்.

உன் பெட்டியை நம்பி அனுப்புகிறேன். உன்னை நம்பி அல்ல.

மார்கரெட்


மூங்கில்துறைப்பட்டு,
20.7.2024

அன்புத் தங்கை மார்கரெட்டுக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இங்கே எல்லாரும் நலம்.

முட்டை பன்னிரண்டும் விரிசல் இல்லாமல் வந்தது. சுபாஷ் மடியில் வைத்துக்கொண்டே டிக்கெட் கிழித்திருக்கிறான். இன்று மாலை நாலரை மணிக்குப் பெட்டியில் வைத்தேன். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டிருக்கிறேன். தினமும் மூன்று தடவை திருப்புவேன். சூடு முப்பத்தேழரை, ஒரு புள்ளி கூடாது, குறையாது. சர்க்கரை ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் பாய்லர் பார்த்தவன் நான். பாய்லர்காரனுக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான், சூடும் தண்ணீர் மட்டமும். பெட்டிக்கும் அதே இரண்டுதான். தண்ணீர்த் தட்டு வைத்திருக்கிறேன், மூன்று டம்ளர் பிடிக்கும்.

இரும்பும் கரியும் வைக்கமாட்டேன். இடிக்கும் முட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ விடுதியில் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள், இன்னும் இதையெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்று. சந்தைக் கோழி சீக்கோடு வரும் என்று எனக்குத் தெரியுமா? உன் கோழிகளுக்குச் சொட்டு மருந்து போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இதைத்தான் அன்றைக்கும் சொன்னேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி இருபத்தொரு நாள் முடிகிறது.

சின்னப்பன்


கரியாலூர்,
29.7.2024

நேற்று விடியலில் காட்டுப்பூனை சிஸ்டரைக் கொண்டுபோய்விட்டது. கொட்டகை வாசலில் வெள்ளை இறகு நாலைந்து கிடந்தது, அவ்வளவுதான். விடுதிப் பிள்ளைகள் காலைக் கஞ்சி குடிக்கவில்லை.

இனி எனக்கு இருப்பது உன் பெட்டியில் இருக்கிற பன்னிரண்டும்தான். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

மார்கரெட்


மூங்கில்துறைப்பட்டு,
1.8.2024

பாப்பா,

உன் கடிதத்தைப் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று படித்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அம்மா செத்தபோதுகூட நான் பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், நீதான் எல்லாருக்கும் ஆறுதல் சொன்னாய்.

அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கதவைச் சாத்திவிட்டு முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு வெறும் முட்டை. பத்தில் ரத்த நாளம் ஓடியிருக்கிறது. நடுவில் ஒரு கறுப்பு நிழல் அசைகிறது. உன் அண்ணியையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பத்து இருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சின்னப்பன்


கரியாலூர்,
9.8.2024

நாளை இருபத்தொன்றாம் நாள். எது நடந்தாலும் மறைக்காமல் எழுது. நல்லதை மட்டும் எழுதி என்னைக் குழந்தையாக்காதே.

மார்கரெட்


மூங்கில்துறைப்பட்டு,
13.8.2024

அன்புத் தங்கைக்கு,

மறைக்காமல் எழுதுகிறேன். ஏழு உயிரோடு இருக்கிறது. மூன்று போய்விட்டது. அந்த மூன்றில் ஒன்று என் கையால் போனது.

சனிக்கிழமை காலை முதல் கொத்து விழுந்தது. மூன்று குஞ்சு மதியத்துக்குள் தானாகவே வெளியே வந்துவிட்டன. நாலாவது, மூக்கு நீட்டும் அளவுக்கு ஓட்டைக் கொத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து கத்துகிறது, வெளியே வரவில்லை. உன் அண்ணி, "கைய வெச்சுக்கினு சும்மா இருய்யா, அது வர்றப்ப வரும்" என்றாள். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஆறு மணி நேரம் பொறுத்தேன், பிறகு நகத்தால் ஓட்டை உரித்தேன். உள்சவ்வில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. கிழிந்த இடத்தில் கசிய ஆரம்பித்தது, பஞ்சு வைத்தும் நிற்கவில்லை. மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் போயிருக்கவில்லை. அவசரம் எனக்குத்தான் இருந்தது, அதற்கு இல்லை. என் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது.

அப்புறம்தான் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கும் தெரிந்தவரிடம் ஃபோனில் கேட்டேன். கொத்து விழுந்த பிறகு ஒரு பகல் ஒரு ராத்திரி வரைக்கும் குஞ்சு சும்மாதான் இருக்குமாம். அப்போதுதான் ரத்தத்தையும் மஞ்சள் கருவையும் உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். அதற்கு மேலும் வராமல், சவ்வு காய்ந்து பழுப்பாகி உடம்போடு ஒட்டிக்கொண்டால் மட்டும் கை வைக்கலாம் என்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சவ்வை ஊறவைத்து, மூக்கில் தண்ணீர் படாமல் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிட்டுத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

மிச்சம் ஆறு முட்டையிலும் சவ்வு அப்படித்தான் காய்ந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகவில்லை. கொஞ்சம் விலக்குவது, வைப்பது, ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. நாலு வந்தன. இரண்டு உள்ளேயே இறந்திருந்தன.

கடைசியாக வந்தது திங்கட்கிழமை காலையில். முழுக் கறுப்பு, வயிறு மட்டும் வெளுப்பு. அதற்கு நிற்க வரவில்லை. இரண்டு காலும் இரண்டு பக்கம் கவராயம் விரித்த மாதிரி போகிறது, நெஞ்சால் ஊர்கிறது. மற்றது ஆறும் நன்றாக இருக்கின்றன.

எல்லாம் இந்த ஆடிக்காற்றால் வந்த வினை. பெட்டியின் ஈரத்தை உறிஞ்சிவிட்டது.

சின்னப்பன்


கரியாலூர்,
16.8.2024

அண்ணனுக்கு,

குற்றத்தைக் காற்றின் மேல் போடாதே. காரணம் நான். முட்டை பன்னிரண்டும் சேர்ந்த பிறகு ஐந்து நாள் உறியிலேயே வைத்திருந்தேன். உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். ஐந்து நாளில் முட்டை பழசாகிவிட்டது, அதனால்தான் குஞ்சுகளுக்குத் தெம்பில்லை. என் வீம்பு மூன்று குஞ்சைக் கொன்றது. இதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கால் விரிந்த குஞ்சை விட்டுவிடாதே. கீழே என்ன விரித்திருக்கிறாய்? நியூஸ்பேப்பர்தானே? உன்னை எனக்குத் தெரியும். அதை உடனே எடு, பேப்பர் வழுக்கும், வழுக்கினால் கால் இன்னும் விரியும். கோணிச்சாக்கு விரி. இந்தக் கடிதத்தோடு விடுதிப் பிள்ளை ஒன்றின் தலை ரிப்பன் வைத்திருக்கிறேன், சிவப்பு. அதில் மெல்லிசாக ஒரு துண்டு கிழித்து, ஒரு காலில் ஒரு சுற்று, மறு காலில் ஒரு சுற்று. நடுவில் ஒன்றரை விரல் இடைவெளி விட வேண்டும். இறுக்காதே, கால் வீங்கும். தினமும் அவிழ்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டு. நாலைந்து நாளில் எலும்பு பிடிக்கும், அதற்கு மேல் தாமதமானால் பிடிக்காது.

வெல்லத் தண்ணீர் கரைத்து அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வை, அதுவாக நக்கும். வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். பின்பக்கம் எச்சம் ஒட்டிக்கொண்டால் வெந்நீர்த் துணியால் ஊறவைத்துத் துடை, பிய்க்காதே. மற்றவை கொத்தும், அதனால் தனியாக வை. ஆனால் மற்றக் குஞ்சுகளின் சத்தம் கேட்கிற தூரத்தில் வை. தனியாக இருக்கிறோம் என்று தெரிந்தால் குஞ்சு சாப்பிடாது.

மார்கரெட்


மூங்கில்துறைப்பட்டு,
20.8.2024

பாப்பா,

முதலில் சாப்பிடு. உன் வீம்பு ஒன்றையும் கொல்லவில்லை. முட்டை பழசாக இருந்தால் அந்த இரண்டு வெறும் முட்டை வேண்டுமானால் அதனால் ஆனதாக இருக்கலாம். மற்ற பத்தும் கடைசி வாரம் வரை உள்ளே உதைத்துக்கொண்டிருந்தன. நான் பார்த்தேன்.

கெடுத்தது நான். ஆடிக்காற்று என்று எழுதியது பொய்.

சிஸ்டர் போன செய்தி வந்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. ஏழாம் தேதி, பதினெட்டாம் நாள், சாயந்திரம் இங்கே இடி இடித்தது. ஆலைப் புகைபோக்கி மேலேயே விழுந்த மாதிரி ஒரு இடி. பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது ஞாபகம் வந்தது. இடிக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிய அதே கையால் என் பழைய பைப் ரெஞ்சை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். முட்டை மேல் உருண்டுவிடக் கூடாதே என்று பார்த்தால் அதற்கு இடம் தண்ணீர்த் தட்டு ஒன்றுதான். தட்டின் முக்கால் பாகத்தை ரெஞ்ச் அடைத்துக்கொண்டது. மூன்று டம்ளர் பிடிக்கிற இடத்தில் அரை டம்ளர்தான் நின்றது. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு பெட்டியைத் திறக்கக் கூடாது என்று நானும் திறக்கவில்லை. சனிக்கிழமை திறந்தபோது தட்டு காய்ந்து, ரெஞ்சில் துரு ஏறியிருந்தது.

முப்பத்திரண்டு வருஷம் தண்ணீர் மட்டம் பார்த்ததற்குத்தான் ஆலையில் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஒரு நாள்கூட விட்டதில்லை. உன் முட்டைக்கு விட்டேன்.

உன் அண்ணிக்குக்கூடத் தெரியாது. ரெஞ்சைத் துடைத்துப் பரண் மேல் போட்டுவிட்டேன். நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு பட்டினி கிடக்காவிட்டால் உனக்கும் சொல்லியிருக்கமாட்டேன். அந்த வெள்ளைக் கோழியும் அப்படித்தான். சந்தையிலேயே அது கொஞ்சம் தூங்கி வழிந்தது. வெயிலுக்கு என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய், பார்த்தும் பார்க்காத மாதிரி வாங்கினேன். பண்டிகைக்கு வெறுங்கையோடு வரக் கூடாது என்று.

நொண்டிக்குஞ்சுக்கு ரிப்பன் கட்டியாயிற்று. முதல் நாள் குப்புற விழுந்துகொண்டே இருந்தது. நேற்று நின்றது. நாலு எண்ணுவதற்குள் விழுந்துவிட்டது, ஆனால் நின்றது.

சின்னப்பன்


கரியாலூர்,
25.8.2024

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்த உடனே அடுப்புப் பக்கத்து விறகுப் பெட்டியில் விட்டெறிந்தேன். அவ்வளவு கோபம். சோறு வடித்து முடித்துவிட்டுத் திரும்ப எடுத்துப் படித்தேன். இரண்டாம் தடவை ரெஞ்சில் துரு ஏறியிருந்தது என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஒற்றை ஆளாகச் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் என்ன என்று கேட்டார்கள். எங்கண்ணன் இடிக்குப் பயந்தவர் என்று சொன்னேன்.

இரும்பு வைக்கச் சொன்னது நான். நான் சொல்லாவிட்டால் உனக்கு அந்தப் புத்தியே வந்திருக்காது. கூடைக்கு அடியில் வைப்பதுதான் எங்கள் வழக்கம், உன் பெட்டிக்குள் அடி என்று ஒன்று இல்லையென்று நான் யோசிக்கவில்லை.

நீ மறைத்ததைச் சொன்னாய், நானும் சொல்கிறேன். பிப்ரவரியில் சொட்டு மருந்து போட எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள். அன்றைக்கு விடுதியில் ஆண்டு விழாச் சமையல். முப்பத்திரண்டு கோழியைப் பிடித்துக்கொண்டு யார் போவது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நீ பந்தியில் அதைச் சொன்னபோது எனக்குச் சுட்டது அது பொய் என்பதால் இல்லை.

ஆனாலும் பேச்சு கிடையாது. பந்தியில் சொன்ன சொல்லை ஒரு ரெஞ்சுக்காக விட்டுவிட முடியாது.

குஞ்சுகளை எப்போது அனுப்புவாய்?

மார்கரெட்


மூங்கில்துறைப்பட்டு,
6.9.2024

பாப்பா,

சுபாஷிடம் அட்டைப்பெட்டி கொடுத்திருக்கிறேன், மாதா பிறந்தநாளுக்கு உன் வீட்டில் இருக்கும். ஆறு குஞ்சு. ஏழாம் நாளே எல்லாவற்றுக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டாயிற்று. அடுத்த தவணைத் தேதியைப் பெட்டி மூடியில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு விடுதியில் எந்த விழா இருந்தாலும் விட்டுவிடாதே.

ஏழில் பாதி மூன்றரை என்று கணக்குப் பார்க்கவில்லை. நல்லது ஆறும் உனக்கு. நொண்டி ஒன்று மட்டும் என் வாரம். அதற்கு ரிப்பன் என்று பெயர் வைத்திருக்கிறேன். கட்டை அவிழ்த்துப் பதினைந்து நாளாகிறது, இன்னும் இடது கால் கொஞ்சம் உள்ளே வளைந்துதான் நடக்கிறது. மலை மேட்டில் உன் கோழிகளோடு ஓடிப் பிழைக்காது. இங்கே சமதரை, நான் சும்மாதான் இருக்கிறேன். நான் எங்கே உட்கார்ந்தாலும் வந்து என் பாதத்தின் மேல் ஏறிக் குந்திக்கொள்கிறது. அதற்காகவே அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். உன் அண்ணி நம்பவில்லை.

சின்னப்பன்


கரியாலூர்,
20.10.2024

அண்ணனுக்கு,

ஆறும் நன்றாக வளர்ந்துவிட்டன. நாலு பெட்டை, இரண்டு சேவல். இந்த முறை கொட்டகைக்குக் கம்பி வலை அடித்தாயிற்று, பூனை வந்து பார்த்துவிட்டுப் போகிறது. இரண்டாம் சொட்டும் விட்டாயிற்று.

ஒரு குறை. ஆறில் ஒன்றுக்கும் தொண்டையில் வெள்ளை இல்லை. கறுப்புக் குஞ்சு எல்லாவற்றுக்கும் வயிறு வெளுப்பாகத்தான் இருக்கும், இறகு விழுந்து முளைத்த பிறகுதான் எதற்கு வெள்ளை நிற்கும் என்று தெரியும். தினமும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழுத்தைப் பார்க்கிறேன். செம்பழுப்பும் சாம்பலுமாக அந்த ஊர்ச் சேவல் மாதிரி வந்திருக்கின்றன. பரவாயில்லை. கோழி கோழிதான். ஆனால் பிள்ளைகள், சிஸ்டர் எது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உன் ரிப்பன் கழுத்தைப் பார்த்து எழுது.

மார்கரெட்


மூங்கில்துறைப்பட்டு,
24.10.2024

பாப்பா,

இருக்கிறது. ஒரு வாரமாகவே தெரிகிறது. உடம்பெல்லாம் கறுப்பு, தொண்டையில் வெள்ளைப் பட்டி. பெட்டைதான்.

எழுதாமல் இருந்தேன். கொடுக்க மனமில்லை. உன்னுடையதுதான், வந்து எடுத்துக்கொள். கல்லறைத் திருநாளுக்கு எப்படியும் வருவாய், ஒரு கூடை கொண்டு வா.

சின்னப்பன்


மூங்கில்துறைப்பட்டு,
5.11.2024

பாப்பா,

கல்லறைத் திருநாளன்று வந்தாய். அப்பா அம்மா கல்லறையில் நீ ஒரு மெழுகுவத்தி, நான் ஒரு மெழுகுவத்தி ஏற்றினோம். காற்றில் என்னுடையது அணைந்தபோது உன்னுடையதிலிருந்து எடுத்துப் பற்றவைத்துக் கொடுத்தாய். வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் இருந்தாய். உன் அண்ணியோடு பேசினாய், அதற்கு அடுத்தபடி ரிப்பனோடுதான் பேசினாய். அதை மடியில் வைத்துக்கொண்டு, "உன் மாமன் இன்னா இப்படி இளைச்சிப் பூட்டாரு, நேரத்துக்குத் துன்றாரான்னு கேளு" என்றாய். நானும் ரிப்பனைப் பார்த்து, "ஆலைய வுட்டு வந்தப்பறம் பசியே எடுக்கலன்னு சொல்லு" என்றேன். அடுப்படியில் உன் அண்ணி சிரித்து, குழம்பு தீய்ந்துபோனது. அந்தத் தீய்ந்த குழம்பை இரண்டு தட்டுச் சாப்பிட்டேன், நீ பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதற்காக.

கிளம்பும்போது கூடையைத் திறந்து வைத்தாய். ரிப்பன் உன்னிடம் வராமல், காலை இழுத்துக்கொண்டு வந்து என் பாதத்தில் ஏறிக் குந்திவிட்டது. நான் காலை நகர்த்தப் பார்த்தேன், நம்பு. பிறகு கூடையை மூடிவிட்டு, "சரி, நீ இங்கயே இருடி. உன் மாமனுக்குக் காவலா ஒரு ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டாய்.

வெறுங்கூடையோடு நீ பஸ் ஏறினாய். அந்த வெள்ளைப் பட்டிக்காக எத்தனை நாள் கழுத்துக் கழுத்தாகப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும்.

ரிப்பனிடம் சொன்னதை எனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சின்னப்பன்


மூங்கில்துறைப்பட்டு,
28.3.2025

பாப்பா,

சுபாஷ் கையில் தூக்குப் போசி ஒன்று கொடுத்திருக்கிறேன். உமியில் பன்னிரண்டு முட்டை இருக்கிறது, எல்லாம் ரிப்பனுடையது. பதினாலு இட்டாள், இரண்டை உன் அண்ணி எனக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்துவிட்டாள், முட்டை எதிலிருந்து வந்தது என்று சாப்பிட்ட பிறகு சொன்னாள்.

உன் பெட்டைகளில் ஒன்று அடைக்கு உட்கார்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கு வை. என் பெட்டியில் வைக்கலாம்தான். தட்டும் பெரிசாக மாற்றிவிட்டேன். ஆனால் இந்தப் பன்னிரண்டும் உன் வீட்டிலேயே, உன் கண் முன்னாலேயே பொரிக்கட்டும் என்று தோன்றியது. எனக்கு வாரம் எதுவும் வேண்டாம். வெள்ளைப் பட்டியோடு எத்தனை வந்தாலும் அத்தனையும் உனக்கு.

போசியோடு இன்னொன்றும் சாக்கில் கட்டி இருக்கிறது, கனமாக இருக்கும். துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டு வைத்தேன். பரணில் அது இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கூடைக்கு அடியில் வை. தண்ணீரில் வைக்காதே.

சின்னப்பன்


கரியாலூர்,
19.4.2025

அண்ணா,

பெரிய சனிக்கிழமை. விடுதிக்கு லீவு, பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள், எழுத நேரம் இருக்கிறது.

பன்னிரண்டில் பத்து. விடியலிலிருந்து ஒன்றொன்றாக வந்தன. ஒன்பது வந்த பிறகு பத்தாவது கொத்திவிட்டு நின்றுவிட்டது. அடை உட்கார்ந்திருந்த சாம்பல் பெட்டை எழுந்து வெளியே இரை பொறுக்கக் கிளம்பிவிட்டாள். முட்டையைக் கையில் எடுத்தேன். உள்ளே கத்துகிறது. என் நகம் ஓட்டு வரைக்கும் போனது. உன் உள்ளங்கையில் அடங்கின அந்தக் குஞ்சு ஞாபகம் வந்தது. திரும்பக் கூடையில் வைத்து, ஈரத் துணியை வெந்நீரில் பிழிந்து பக்கத்தில் போட்டுவிட்டு, கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் சும்மா இருக்க வரவில்லை, ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே. பத்தே முக்காலுக்குத் தானாக ஓட்டைத் தள்ளிக்கொண்டு வந்தது. தெம்பில்லாமல் கிடந்தது, கழுத்து நிற்கவில்லை. பஞ்சில் சுற்றி அடுப்போரம் வைத்து வெல்லத் தண்ணீர் வைத்தேன். இப்போது கூடைக்குள் மற்றவற்றை மிதித்துக்கொண்டு போகிறது.

எல்லாவற்றுக்கும் வயிறு வெளுப்பு. எது நிற்கும் என்று பத்து வாரம் கழித்துத்தான் தெரியும். எனக்கு அவசரமில்லை.

போன வாரம் இங்கே நல்ல இடி. உன் மாப்பிள்ளை ரெஞ்ச் இருக்கிறதா என்று கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

இந்தக் கடிதத்தை இரண்டு மணி பஸ்ஸுக்குக் கொடுக்கிறேன், இன்றே உனக்குக் கிடைத்துவிடும். நாளை ஈஸ்டர். போன ஈஸ்டருக்குப் பந்தியில் சொன்ன சொல்லுக்கு ஒரு வருஷம் ஆகிறது, போதும். பூசை முடிந்து ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட மேட்டில் நின்று உனக்கு ஃபோன் செய்வேன், அங்கேதான் சிக்னல் வரும். எடுத்ததும் நீ ஆரம்பித்துவிடாதே, ஆரம்பித்தால் பாய்லரில்தான் முடிப்பாய். முதலில் நான் பேசுகிறேன். ஒரு வருஷமாகக் கோழியிடம் சொன்னதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் தங்கை
மார்கரெட்